சொத்தைக் கோவிலுக்கு எழுதினால் என் பெயர் நிற்குமா?

திருநெல்வேலிச் சீமையின் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 72. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கணவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். குடியிருக்கும் வீட்டின் பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. கணவருக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். வாசகியின் சொந்தச் சேமிப்பு 18 லட்சம் ரூபாய், வங்கியில் வைப்பு நிதியாக இருக்கிறது. அதற்கு நாமினி, காலஞ்சென்ற அண்ணனின் ஒரே மகன். காலஞ்சென்ற தங்கையின் ஒரே மகள், கோயம்புத்தூரில் பார்த்துவந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, நான்கு ஆண்டுகளாக இவருடன் தங்கிக் கவனித்துக்கொள்கிறார்.

ஊர்க் கோவிலான தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்துக்குப் புதிய கோபுரம் எழும்புகிறது. பெருந்தொகை கொடுப்பவர்களின் பெயர் பளிங்குக் கல்லில் பொறிக்கப்படும் என்றும், விருப்பமுள்ளவர்கள் ஈஸ்டருக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி அறிவித்திருக்கிறது. வீடு, பணம் இரண்டையும் கோவிலுக்கே எழுதிவைத்து, தன் பெயரையும் கணவர் பெயரையும் அந்தக் கல்லில் வெட்டச் சொல்ல வேண்டும் என்பது இவர் விருப்பம். "அண்ணன், தங்கை பிள்ளைகள் இருக்கும்போது கிறிஸ்தவர்கள் கோவிலுக்கு உயில் எழுதினால் செல்லாது, அத்தை" என்று அண்ணன் மகன் சொல்கிறார். அது உண்மையா என்பது முதல் கேள்வி. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பது வேறு: "பெரிதாக எந்த நற்கிரியையும் செய்யாமலே காலம் போய்விட்டது. வெறுங்கையோடு ஆண்டவர் முன் நிற்கப் பயமாக இருக்கிறது. பிள்ளையும் இல்லை. எனக்குப் பிறகு என் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?"

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்வி ஒன்றும், சட்டத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகள் இரண்டும் இருக்கின்றன. நான் வழக்கறிஞர், குருவானவர் அல்ல. ஆனாலும் நீங்கள் வளர்ந்த அதே விசுவாசத்தில் வளர்ந்தவன், உயில் வழக்குகளில் குடும்பங்கள் உடைவதைப் பார்த்து வருகிறவன். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். கசப்பான செய்தி ஒன்று இருக்கிறது. அதற்கு முன் உங்கள் முதல் கேள்வியை முடித்துவிடுவோம்.

அண்ணன் மகன் சொல்வது பழைய சட்டம்

அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயக் காரியத்துக்கோ தருமத்துக்கோ உயில் எழுதினால், எழுதிய பிறகு குறைந்தது 12 மாதம் உயிரோடு இருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் அந்த உயிலை அரசு ஏற்பாடு செய்த பாதுகாப்பில் ஒப்படைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உயிலின் அந்தப் பகுதி செல்லாது. மரணப் படுக்கையில் கிடப்பவரின் அச்சத்தைப் பயன்படுத்தி யாரும் சொத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது அதன் நோக்கம். நடைமுறையில் அது இந்தியக் கிறிஸ்தவர்கள் தலையில்தான் விழுந்தது. கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு ஜான் வல்லமட்டம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2003 ஜூலையில் அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆகவே இன்று நீங்கள் கோவிலுக்கு உயில் எழுதலாம். நாளை எழுதி நாளை மறுநாள் கண்ணை மூடினாலும் செல்லும். கிறிஸ்தவர்களுக்கான வாரிசுச் சட்டத்தில், உயிலை மீறிக் கேட்கக்கூடிய கட்டாயப் பங்கு அண்ணன் மகனுக்கோ தங்கை மகளுக்கோ கிடையாது. நீங்கள் ஒன்றும் எழுதாமல் போனால் மட்டுமே, உங்கள் சொத்து அவர்கள் இருவருக்கும் சரிபாதியாகப் போகும்.

வீடு முழுவதும் உங்களுடையது அல்ல

கசப்பான செய்தி என்று சொன்னது இதைத்தான். கணவர் போனால் வீடு மனைவிக்கு என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. கிறிஸ்தவ ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகளும் இல்லையென்றால், மனைவிக்குப் பாதிதான். மற்றப் பாதி அவருடைய இரத்த உறவுக்குப் போகும். உங்கள் மாமனார் மாமியார் முன்பே காலமாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பாதி உங்கள் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் சமமாகச் சேரும். வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு.

வீட்டைக் கட்டியதில் உங்கள் சம்பளமும் போயிருக்கிறது என்று வேதனையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பத்திரம் கணவர் பெயரில் இருக்கும்போது, அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது நீண்ட, செலவு பிடிக்கும் வேலை. இந்த வயதில் அந்த வழியை நான் காட்டமாட்டேன். கொழுந்தனாரும் நாத்தனாரும் உங்களோடு நல்ல உறவில் இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர்களை நேரில் அழைத்துப் பேசுங்கள். மனமொப்பினால் அவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து தரலாம். அவர்கள் மறுத்தால் அது அவர்களுடைய உரிமை. அப்போது உங்கள் பாதியைப் பற்றி மட்டும் நீங்கள் உயில் எழுத முடியும். இதைக் கவனிக்காமல் முழு வீட்டையும் கோவிலுக்கு எழுதிவைத்தால், நீங்கள் போன பிறகு சபையும் உங்கள் கணவர் குடும்பமும் ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பார்கள். பளிங்கில் உங்கள் பெயர் இருக்கும். வழக்குக் கட்டிலும் இருக்கும்.

வங்கிப் பணம் உங்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அண்ணன் மகன் நாமினி என்பதால் பணம் அவருக்குத்தான் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. அவரும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் தீர்மானிக்கும். உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டம் தீர்மானிக்கும். சிக்கல் வராமல் இருக்க, உயிலில் யாருக்குப் பணம் என்று எழுதுகிறீர்களோ அவர் பெயரையே நாமினியாக மாற்றிவிடுங்கள். வங்கியில் அதற்குப் படிவம் தருவார்கள்.

வெறுங்கை என்று யார் சொன்னது?

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும் இடத்தில், ஒரே ஒரு வரி வருகிறது. பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், பாவாடை சட்டை இல்லாமல் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் பெண் பிள்ளைகளுக்கு, இரவில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து சீருடை தைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். "துணி மிச்சம் இருந்ததால்" என்று ஒரு சமாதானமும் சேர்த்திருக்கிறீர்கள். நற்கிரியை செய்யவில்லை என்று அழுதிருக்கும் அதே கடிதத்தில்தான் இந்த வரியும் இருக்கிறது அம்மா.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துப் பாருங்கள். அவள் இறந்தபோது பேதுருவை அழைத்து வருகிறார்கள். மேல்வீட்டில் விதவைகள் அழுதபடி அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவள் உயிரோடு இருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளையும் உடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் என்ன விசுவாச அறிக்கை சொன்னாள், எவ்வளவு காணிக்கை போட்டாள் என்பது வேதத்தில் இல்லை. தைத்த துணி இருக்கிறது. உங்கள் ஊரில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பெண்கள் சிலர், ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதற்கு உங்கள் தையல் இயந்திரமும் ஒரு காரணம்.

அச்சத்தின் வேருக்கு வருகிறேன். கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்ட செய்தி ஒன்று உங்களை உலுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எபேசியர் 2ஆம் அதிகாரத்தின் 8, 9ஆம் வசனங்களை ஓய்வுநாள் பள்ளியிலேயே நாம் மனப்பாடம் செய்தோம். இரட்சிப்பு கிருபையினால் வருகிறது, கிரியைகளினால் அல்ல, ஒருவரும் பெருமை பாராட்டக் கூடாது. மனப்பாடம் பெரும்பாலும் அங்கே நின்றுவிடுகிறது. 10ஆம் வசனத்தில், நற்கிரியைகளைச் செய்வதற்கே கிறிஸ்துவுக்குள் நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் முடிக்கிறார். வரிசையைப் பாருங்கள். கிருபை முதலில் வருகிறது, கிரியை அதிலிருந்து பிறக்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் இதற்கு எதிரானதல்ல. உயிருள்ள விசுவாசம் கையை நீட்டாமல் இராது என்றுதான் அவர் சொல்கிறார். இதில் எந்த இடத்திலும் 72 வயதில் வீட்டை எழுதிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்ய வேண்டிய அவசியம் வரவில்லை. கோபுரத்துக்குக் கொடுப்பது நல்ல காரியம். அதை உங்கள் நித்தியத்துக்கான கட்டணமாக நினைத்துக் கொடுப்பது, அம்மா, நீங்கள் எழுபது ஆண்டுகளாக விசுவாசித்து வந்ததையே இல்லையென்று ஆக்குவதாகும்.

நினைக்கப்பட வேண்டும் என்ற உங்கள் ஏக்கத்தில் குற்றம் இல்லை. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா, "என் தேவனே, என்னை நினைத்தருளும்" என்று திரும்பத் திரும்ப ஜெபித்தார். ஆனால் அவர் கேட்டது தேவனிடம். பிள்ளை இல்லாதவர்களின் ஏக்கத்துக்கென்றே ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் ஒரு வாக்குத்தத்தம் இருக்கிறது. குமாரராலும் குமாரத்திகளாலும் கிடைக்கும் பெயரைவிட மேலான பெயரைத் தம்முடைய ஆலயத்திலே தருவதாகக் கர்த்தர் சொல்கிறார். அதை இன்று இரவு ஒருமுறை வாசியுங்கள்.

டோனாவூரில் இருக்கும் இரண்டு பெயர்கள்

உங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் டோனாவூரைச் சொல்கிறேன். அந்த ஊருக்குப் பெயர் வந்தது டோனா பிரபு என்னும் ஜெர்மானியரால். 1820களில் ரேனியஸ் ஐயர் திருநெல்வேலியில் ஊழியம் செய்த காலத்தில், அங்கே ஆலயம் கட்ட அந்தப் பிரபு பணம் அனுப்பினார். நன்றிக்காக ஊருக்கே அவர் பெயர் வைத்தார்கள். கொடையாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு வேண்டுமா? பஸ் பலகையிலும் தபாலிலும் தினமும் அந்தப் பெயர் போய்வருகிறது. டோனா யார் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள்.

அதே ஊருக்கு 1901இல் வந்து சேர்ந்தார் அயர்லாந்தைச் சேர்ந்த ஏமி கார்மைக்கேல். இந்துக் கோவில்களுக்கு நேர்ந்து விடப்பட இருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தாயாக இருந்தார். 1895இல் இந்தியா வந்தவர், ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் 1951 ஜனவரியில் இங்கேயே இறந்தார். தன் கல்லறைமேல் கல் நாட்டக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்படியே கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, பிள்ளைகள் அவரை அழைத்த சொல்லை மட்டும் அதில் எழுதினார்கள். அவரைப் பற்றி ஊரில் கேட்டால் உங்களை உட்காரவைத்துக் கதை சொல்வார்கள்.

டோனா பிரபு வீணாகக் கொடுத்தார் என்பதல்ல என் பேச்சு. அவர் கொடுத்ததில் ஆலயம் எழுந்த ஊருக்குத்தான் பின்னாளில் அந்தக் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். பெயர் போடுவதே பாவம் என்றும் நான் நினைக்கவில்லை. வேலூரில் 1902இல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் திறந்த மருத்துவமனை, நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் இறந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டப்பட்டது. இன்றும் அது ஷெல் கண் மருத்துவமனையாக நடக்கிறது. அந்த அம்மாள் யார் என்று தெரியாமலே அங்கே பார்வை பெற்றுப் போகிறவர்கள் ஏராளம். உங்கள் கணவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசையிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கல் நினைவைக் காத்துத் தரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தன் பெயரைச் சொல்லப் பிள்ளை இல்லையே என்று தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் உயிரோடிருக்கும்போதே தனக்கு ஒரு தூண் நாட்டினான். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் அது எழுதியிருக்கிறது. அவனை நாம் நினைப்பது தகப்பனுக்கு விரோதமாக எழும்பியதற்காக, அந்தத் தூணுக்காக அல்ல.

உங்கள் திட்டத்தில் இல்லாத ஒரு பெயர்

நீங்கள் இரண்டு பெயர்களைக் கல்லில் வெட்ட நினைக்கிறீர்கள். மூன்றாவது ஒருவரின் பெயர் உங்கள் திட்டத்தில் எங்கும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து உங்களுக்கு இன்சுலின் போடுகிறவர், கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கும் உங்கள் தங்கை மகள். வீட்டையும் பணத்தையும் முழுவதும் கோவிலுக்கு எழுதிவிட்டால், உங்கள் அடக்க ஆராதனை முடிந்த மறுமாதமே அவர் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். நான்கு ஆண்டு வேலையில் இடைவெளி, கையில் சேமிப்பு இல்லை, தாயும் இல்லை.

"அவள் எதையும் எதிர்பார்க்கிறவள் அல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்பார்க்காதவர்களுக்குக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொண்டது யாரை? பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை. நீங்கள் தாயின் இடத்திலும் அவர் மகள் இடத்திலும் இருக்கிறீர்கள் என்பது வித்தியாசம்தான். ஆனால் காணிக்கையைக் காட்டி வீட்டுக் கடமையைத் தள்ளக் கூடாது என்ற நியாயம் இரு பக்கமும் பொருந்தும். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது இன்னும் கடுமையானது. சட்டப்படி உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது என்று மேலே சொன்னேன். அந்த உரிமையை இப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

வீட்டில் உங்களுக்கு உரிய பங்கைத் தங்கை மகளுக்கு உயிலாக எழுதுவேன். இப்போதே தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள், வேண்டாம். பதிந்த தானத்தைத் திரும்பப் பெறுவது கடினம். பராமரிப்பேன் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் கூரை உங்கள் கையிலேயே இருக்கட்டும். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதனால் எதுவும் உங்கள் கையைவிட்டுப் போகாது.

18 லட்சத்தில் குறைந்தது பத்து லட்சத்தை யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் உங்கள் மருத்துவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் கால் புண்ணும் உள்ளவருக்கு இது பேராசை அல்ல. மீதியிலிருந்து கோபுரத்துக்கு மனநிறைவோடு ஒரு தொகை கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பகுதியை, நீங்கள் வேலை பார்த்த பள்ளியின் பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சீருடை வாங்கவோ, மேல்படிப்புக் கட்டணம் கட்டவோ உயிரோடு இருக்கும்போதே ஒதுக்குங்கள். கொடுப்பதை உங்கள் கண்ணால் பார்க்கலாம். தவறாகப் போனால் தட்டிக் கேட்கலாம். உயிலால் கொடுப்பவருக்கு அது முடியாது. அண்ணன் மகனுக்கு ஏதாவது கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் மனம். ஒன்றும் இல்லையென்றால், அதற்கான காரணத்தை உயிலில் ஓரிரு வரிகளில் அமைதியாக எழுதிவிடுங்கள்; மறந்து விட்டுவிட்டார் என்று பிறகு யாரும் வாதாட முடியாது.

உயில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை இவை:

சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். உயிலால் பயன்பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். தங்கை மகளைச் சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள். குருவானவரையும் கமிட்டியாரையும் தவிர்ப்பது நல்லது. உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் ஒரு சாட்சியாக இருந்தால், தெளிந்த மனநிலையில் எழுதினீர்களா என்ற கேள்விக்கே இடமிருக்காது.

முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் உறவினர் ஒருவர் ஏற்கெனவே ஆட்சேபம் சொல்லும் உங்கள் நிலைமையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

கோவிலுக்கு உயிலில் ஏதாவது எழுதுவதானால், "எங்கள் சபைக்கு" என்று பொதுவாக எழுதக் கூடாது. தென்னிந்தியத் திருச்சபையின் நிலபுலன்கள் பொதுவாக அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில்தான் நிற்கின்றன. எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று பேராயரின் திருமண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். என்ன காரியத்துக்கு என்பதையும், அது முன்பே முடிந்திருந்தால் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஈஸ்டர் என்ற கெடு கமிட்டியின் வசதிக்காக வைத்தது. அது உங்களைக் கட்டுப்படுத்தாது. கொடுக்க விருப்பம் இருக்கிறது, தொகையைப் பிறகு சொல்கிறேன் என்று மட்டும் தெரிவியுங்கள். முதலில் கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் பேசுங்கள். அதற்கும் முன்னால், தங்கை மகளை அருகில் உட்காரவைத்து, மீண்டும் வேலைக்குப் போக விரும்புகிறாரா, இந்த வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா என்று அவரிடமே கேளுங்கள். அதை அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் சொல்லும் பதிலை வைத்து வீட்டைப் பற்றிய பத்தியை எழுதலாம். வரைவு தயாரானதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.